டெலிபோன் வர்ண நிர்ணய விசாரம்

பண்டிதர்கள் தீர்க்காமல் விட்டுவைத்த விவாதங்கள் உலகத்தில் அநேகம் உண்டெனினும், அமெரிக்க தேசத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியார் செய்து, பெல் சிஸ்டத்தார் வீடுதோறும் வாடகைக்கு விட்ட 500-ஆம் மாடல் டெலிபோன் ஒன்றை மேஜைமீது வைத்துக்கொண்டு, ‘இதன் நிறம் யாது?’ என்று வினவுவதைக் காட்டிலும் கடினமான வினா வேறொன்று இருப்பதாக நான் நம்பவில்லை. மஞ்சள் என்று குழந்தை சொல்லும்; தந்த நிறம் என்று விற்கிறவன் சொல்வான்; 58 என்று சேகரிப்பாளர் சொல்வார். 58 என்றால் வெள்ளை. மூவரும் பார்ப்பது ஒரே கருவியைத்தான்.

இந்தக் குழப்பத்தின் உற்பத்தி ஸ்தானத்தைச் சற்று ஆராய்வோம். ஹென்றி ட்ரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர் உருவம் கொடுத்து 1950-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த இந்த மாடல், முதலில் கருப்பு நிறமொன்றையே தரித்திருந்து, 1954-ஆம் ஆண்டளவில் பல வர்ணங்களை ஏற்றது. டெலிபோன் என்பது பார்வைக்கு ஒரு பொருளாயினும் பரமார்த்தத்தில் பல பொருள்களின் கூட்டமாகும்: மேல்மூடி வேறு, ரிசீவர் வேறு, அதன் இரு முனைகளிலும் திருகப்படும் மூடிகள் வேறு, சுருள் வயர் வேறு, சுவரிலிருந்து வரும் வயர் வேறு. சிவப்பு டெலிபோன் கேட்ட இல்லத்தரசிக்குச் சிவப்பு மூடியும் பச்சை வயருமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் கம்பெனியின் கௌரவம் என்னாவது? ஆகவே ஒவ்வோர் உறுப்பின் பெயருக்குப் பின்னும் ஒரு சிறு கோடிட்டு நிறத்தின் எண்ணைக் கணக்கில் எழுதினார்கள். 50 என்றால் தந்தம், 51 பாசிப் பச்சை, 53 சிவப்பு, 56 மஞ்சள், 58 வெள்ளை, 59 ரோஜா, 60 இளம் பழுப்பு, 62 நீர் நீலம், 64 டர்க்காய்ஸ். கருப்புக்கு மட்டும் 3. மற்றவையெல்லாம் ஐம்பதுக்கு மேலே நெரிசலாக நிற்க, கருப்பு மாத்திரம் ஒற்றை இலக்கத்தில் தனித்து வீற்றிருப்பதைக் காணும்போது, ஆதியில் இருந்தது இருளே என்ற கொள்கை தந்திக் கம்பிகளின் உலகத்திலும் செல்லுபடியாகிறது என்று கருத இடமிருக்கிறது.

எண்களை இவ்வளவு சிரத்தையுடன் வகுத்தவர்கள், அவற்றைக் கருவியின்மீதே எப்போதும் பொறித்துவைக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்களுக்குப் பிழைப்பைத் தந்தது. பொறித்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இல்லை.

நியாய சாஸ்திரிகள் அறிவுக்கு வாயிலாகப் பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்கு பிரமாணங்களைச் சொன்னார்கள். இவற்றுள் முதலாவது, டெலிபோன் விஷயத்தில் அடியோடு நம்பத்தகாதது. ஜன்னலோரத்தில் இருபது வருஷம் வெயில் காய்ந்த பிளாஸ்டிக், தான் பிறந்த நிறத்தை மறந்துவிடுகிறது. வெள்ளை மஞ்சளித்துத் தந்தமாகக் காட்சியளிக்கிறது. ரோஜா வெளிறிப் பழுப்போடு உறவு கொண்டாடுகிறது. நீர் நீலத்தின்மேல் மஞ்சள் படர, அது பச்சைப் பக்கம் சாய்ந்து, 62 தானா அன்றி 64 தானா என்று இரண்டு கனவான்களை ஆயுட்காலப் பகைவர்களாக்கிவிடுகிறது. உபமானமும் அவ்வளவு உதவாது. இரண்டு டெலிபோன்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம் என்றால், ஒப்பிட வந்ததும் ஏதோ ஒரு ஜன்னலோரத்தில் இருந்ததுதானே?

அனுமானமே கைகொடுக்கிறது. ரிசீவரைக் கையிலெடுத்து, வாய்ப்பக்கத்து மூடியை இடப்புறமாகத் திருகிக் கழற்றினால், உள்ளேயிருக்கும் வட்டமான ஒலிவாங்கி உருண்டு கையில் விழும். அதைப் பத்திரமாக வைத்துவிட்டு, மூடியின் மரை பதிந்திருந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். வெயிலும் சிகரெட் புகையும் மனித மூச்சும் அண்டாத அந்த அரை விரற்கடைப் பிரதேசத்தில், தொழிற்சாலையைவிட்டுக் கிளம்பிய அன்று இருந்த நிறம் அப்படியே நிற்கும். வெளியே பழந்தந்தமாகத் தெரிந்தது உள்ளே பால் வெள்ளையாக இருந்தால், 50 என்று வாதித்தவர் மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளலாம்.

நாசியையும் பிரமாணமாக ஏற்க வேண்டும் என்பது என் தனி அபிப்பிராயம். ஆரம்ப காலத்து வர்ண டெலிபோன்கள் டெனைட் என்னும் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் ரசாயனத்தில் பியூட்ரிக் அமிலம் கட்டுண்டு கிடப்பதாலும், காறிப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணம் அதே அமிலமாதலாலும், நெடுநாள் பெட்டியில் அடைபட்டுக் கிடந்த டெனைட் டெலிபோனைத் திறப்பவர் அதன் காலத்தைக் கண்ணால் காணுமுன்பே மூக்கால் உணர்ந்துவிடுவார். 1950-களின் இறுதியிலிருந்து படிப்படியாக இடம்பிடித்த ஏ.பி.எஸ். என்ற கடின பிளாஸ்டிக்குக்கு இந்த வாசனை கிடையாது. மேலும் டெனைட் வயதானால் சுருங்கும். மேல்மூடி அடித்தட்டோடு பொருந்த மறுத்து முரண்டுபிடிக்கும். சுருங்குதல், நாறுதல், பிடிவாதம் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படின் அது பழையதென்று கொள்க.

பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 500-க்கு முன்னோரான 302-ஆம் மாடல், 1937-இல் வெளிவந்தபோது துத்தநாகக் கலவையில் வார்த்து வர்ணம் பூசப்பட்டது. சில ஆண்டுகளில் அதுவும் பிளாஸ்டிக்குக்கு மாறிற்று. இது உலோகமா அல்லவா என்று அறியக் காந்தத்தோடு வருகிறவர்கள் உண்டு. துத்தநாகத்தைக் காந்தம் இழுக்காது என்ற சிறு உண்மை அவர்களைத் தடுப்பதில்லை. புறங்கையால் தொட்டால் உலோகம் சில்லென்றிருக்கும், தூக்கினால் கனக்கும், இவ்வளவே போதும். உலோக 302-ஐப் பழம் பித்தளை, சிலை வெண்கலம், கருகிய வெள்ளி என்றெல்லாம் பூசித் தந்திருக்கிறார்கள். ஆபரணக் கடைப் பெயர்களாகத் தோன்றினும் அவை டெலிபோன் பெயர்களே. 1959-இல் வந்த பிரின்ஸஸ் என்னும் குட்டி டெலிபோனோ ஐந்து வர்ணங்களில் பிரவேசித்தது. அவற்றில் கருப்புக்கு இடமில்லை. அது மிக லேசாக இருந்ததால் டயலைச் சுழற்றும்போது சுழற்றுகிறவரோடு சேர்ந்து தானும் நகர்ந்தது.

எஞ்சியது சப்தப் பிரமாணம், அதாவது எழுதப்பட்ட வாக்கு. அடித்தட்டிலும், மேல்மூடியின் உட்புறத்திலும், ரிசீவரிலும், டயலிலும், மணியிலும் தனித்தனியே தேதி பொறித்திருக்கிறார்கள். இங்கேதான் ஆய்வு தத்துவ விசாரமாக மாறுகிறது. டெலிபோன் வாடிக்கையாளருடைய சொத்தன்று. கம்பெனியின் சொத்து, விற்பனைக்கு அல்ல என்ற எச்சரிக்கையை அது தன் உடம்பிலேயே தாங்கியிருந்தது. வீடு மாறினால் கருவி கம்பெனிக்குத் திரும்பும். அங்கே அக்கக்காகப் பிரித்து, கழுவி, மெருகேற்றி, கைக்குக் கிடைத்த உறுப்புகளோடு சேர்த்து, மறுபடி வேறொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகவே 1955-ஆம் வருஷத்து அடித்தட்டு, 1961-ஆம் வருஷத்து மேல்மூடி, 1957-ஆம் வருஷத்து டயல் என்று ஒரே உடம்பில் மூன்று ஜாதகங்கள் இருப்பது சகஜம். பூர்வ ஜன்மத்தில் பச்சையாயிருந்து இந்த ஜன்மத்தில் ரோஜாவாகப் பிறந்த டெலிபோனுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? அடித்தட்டே ஜீவன், மேல்மூடி வெறும் சரீரம் என்பது ஒரு கட்சி. ஜீவனுக்கு நிறமில்லையாதலால், அக்கட்சி வர்ண நிர்ணயத்துக்குப் பயன்படாது என்று தள்ளுகிறேன். மேல்மூடியின் எண்ணே டெலிபோனின் எண். ரிசீவர் வேறு நிறமாயிருந்தால் அது குடும்பத் தகராறு, கணக்கில் சேராது.

எல்லா உறுப்புகளிலும் தேதி ஒத்துப்போகும் டெலிபோனுக்கு அதிக விலை உண்டு. விலை உண்டென்றதும் வித்தையும் பிறந்தது: ஒருவர் 1958 மார்ச் மாதத்து டயலைப் பெட்டி பெட்டியாகத் தேடுவதும், கிடைத்ததும் அதே மாதத்து மூடிக்குள் பூட்டுவதும், தொழிற்சாலையில் என்றுமே சந்தித்திராத உறுப்புகளுக்கு இவ்விதம் காந்தர்வ விவாகம் செய்துவைத்து, அன்று முதல் பிரியாதவை என்று சாட்சி சொல்வதும் நடக்கின்றன. வெவ்வேறு உறுப்புகள் வெவ்வேறு நாள்களில் செய்யப்பட்டுப் பின்பு ஒன்றுசேர்க்கப்பட்டவையாதலால், கலையாத நல்ல கருவியிலும் சில வாரங்கள் முன்பின்னாக இருப்பதே இயல்பு. ஆகையால் எல்லா உறுப்புகளும் ஒரே நாளைக் காட்டினால், வாங்குகிறவர் முதலில் மேல்மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகு விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம்.