பின்கதவு பீடிங்

கோவென்ட்ரி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முட்டிவலி தேவலையா? வாட்ஸாப்பில் அனுப்பினால் கண்ணாடியைத் தேடுவதற்குள் மறந்துவிடுவீர்கள் என்று தபாலிலேயே எழுதுகிறேன்.

சேதி வேறொன்றுமில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நான் மெக்கானிக் ஆகிவிட்டேன். அவரிடம் ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. இரண்டே சீட், மடக்குக் கூரை, உள்ளே உட்கார யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். 1962-ல் இதைக் கொண்டுவந்தபோது, ஹெரால்டு காரின் சேஸியை நீளம் குறைத்துத்தான் அடியில் வைத்தார்களாம். இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலிக்காரர். பெரியவர் பானெட்டைத் தூக்கினார் பாருங்கள், மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மூஞ்சியே முன்பக்கம் கவிழ்ந்தது. "இது எங்கள் பெரியப்பாவின் ஹெரால்டு ஆயிற்றே!" என்று கத்திவிட்டேன்.

அவர் நம்பவில்லை. டிரையம்பையும் வைத்திருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1903-ல் இந்த ஊரில் பிறந்தது. அதன் சொத்தெல்லாம் இங்கேதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 1961 முதல் மெட்ராஸில் ஹெரால்டு செய்தோம், ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டும்போதே ஆலை தெரியும் என்று விளக்கினேன். "நாலு கதவு ஹெரால்டுகூட உண்டு" என்றதும் சிரித்தார். இங்கே ஹெரால்டுக்கு எப்போதும் பக்கத்துக்கு ஒரு கதவுதான். உடனே, வண்டலூர் ஜூ வாசலில் நம் குடும்பம் மொத்தமும் உங்கள் வண்டியிலிருந்து இறங்கும் போட்டோவைக் காட்டினேன். கதவை எண்ணினார், பிறகு ஆட்களை எண்ணினார். அதன்பிறகு எனக்குத் தனி மரியாதை.

ஸ்பிட்ஃபயருக்கு வியாதி ஒழுகல். முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து, மூலைகளில் சுருங்கி, வெடித்துவிட்டது. மழை பெய்தால் டிரைவர் முழங்காலில் சொட்டும். இங்கே மழை பெய்யாத நாளைத்தான் குறித்துவைக்க வேண்டும். துரு முதலில் பீடிங்குக்கு அடியில்தான் குடியேறும் என்று நீங்கள் சொல்வீர்களே, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் அப்படியே இருந்தது. சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் காயவிட்டோம்.

புது ரப்பருக்கு எங்கும் அலையவில்லை. உற்பத்தி 1980-லேயே நின்றுபோன வண்டி, ஆனாலும் பார்ட் நம்பர் ஒட்டிய அட்டைப்பெட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி, "இந்த மாடலா? போன வாரம் வரை இருந்துச்சே சார்" என்று கேட்டு வளர்ந்த எனக்கு வயிறு எரிந்தது.

மாட்டும் வித்தையை நீங்கள் ரசிப்பீர்கள். முதலில் ரப்பரைக் கண்ணாடிக்குச் சுற்றிப் போட வேண்டும். குளிரில் அது முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதால் வெந்நீரில் ஊறவைத்தோம். நம் தாம்பரத்து மொட்டை மாடியில் போட்டால் பத்து நிமிஷத்தில் குழைந்துவிடும். பிறகு, பிரேமைக் கவ்வும் பள்ளத்தில் ஒரு கயிற்றை முழுச் சுற்றாக நுழைத்து, இரண்டு முனைகளையும் கீழே நடுவில் வண்டிக்குள் தொங்கவிட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகத் தடவிக் கண்ணாடியை இடத்தில் வைத்து, வெளியிலிருந்து நான் உள்ளங்கையால் அழுத்த, அவர் உள்ளே படுத்துக்கொண்டு பைஜாமா நாடாவை உருவுவதுபோல மெதுவாக இழுத்தார். கயிறு வெளியே வர வர, ரப்பர் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்கார்ந்தது. கடைசி மூலையில் மட்டும் அடம். அங்கே அவர் சொன்ன ஆங்கிலம் நம் ஷெட்டில் நீங்கள் சொல்லும் தமிழுக்கு ஈடாக இருந்தது.

கூலி தேநீர்தான். இஞ்சியில்லை, ஏலக்காயில்லை, வெந்நீரில் ஒரு பையை முக்கிக் காட்டுவார்கள். குறை சொல்லக் கூடாது.

இங்கே கிழட்டு வண்டிக்கு இருக்கும் சலுகையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். 40 வயது தாண்டினால் சாலை வரி கிடையாது. பெரிதாக மாற்றியமைக்காத வண்டியென்றால் வருடாந்தரச் சோதனையும் வேண்டாம். நமக்கோ 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. வாசலில் பைலும் கையுமாக நிற்க வேண்டும்.

பெருங்களத்தூர் ஆலை இருந்த இடத்தில் ஐ.டி. பூங்கா வந்ததே என்று வருத்தப்படுவீர்கள். இங்கே ஸ்டாண்டர்டின் கேன்லி ஆலை இருந்த இடமும் பிசினஸ் பார்க்தான். ஒரு தெருவுக்கு மட்டும் ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், உங்களுக்காக.

இப்போது முக்கிய விஷயம். உங்கள் வண்டியின் முன்கண்ணாடி பீடிங்குக்கு இங்கேயே வழி பண்ணிவிடலாம், அளவு மட்டும் எழுதுங்கள். பின்கதவுக்குத்தான் வழியில்லை. இந்த ஊர்க்காரன் செய்யாத கதவுக்கு ரப்பர் எங்கிருந்து வரும்? ஆனால் மீட்டர் கணக்கில் ரப்பர் விற்பவர்கள் குறுக்குவெட்டுப் படங்களோடு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பழைய பீடிங்கில் நசுங்காத இடமாகப் பார்த்து ஓர் அங்குலம் வெட்டி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறேன். புது பிளேடால் நேராக வெட்டவும். இங்கே கிடைக்காவிட்டால் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் டை போட்டுத் தருவார்களா என்று விசாரிக்கலாம். அதுவரை யார் சொன்னாலும் கதவில் பசை மட்டும் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்