கல்யாணப் பத்திரிகையோடு வரவும்

பெறுநர்: பூங்கா மேற்பார்வை அதிகாரி அவர்கள், சென்னை. (பூங்காவின் பெயர் வேண்டாம். படித்ததும் தங்களுக்கே விளங்கிவிடும்.)

பொருள்: சொந்த மனைவியோடு ஒரே பெஞ்சில் உட்கார அனுமதி கோருதல் தொடர்பாக.

ஐயா,

போன வாரம் நானும் என் வீட்டுக்காரியும் ஊர் சுற்றக் கிளம்பினோம். காலையில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய நிறுவனம். இப்போதுள்ள இடத்துக்குச் சில வருஷம் கழித்து வந்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது கும்பினிக்காரர்களின் பாந்தியன் என்கிற கேளிக்கை மண்டபம். துரைகளும் துரைசானிகளும் கைகோத்து ஆடிய மண். யாரும் தீட்டுக் கழித்ததாகத் தெரியவில்லை. சாலைக்கே இன்னும் அந்தப் பெயர்தான்.

பார்த்துவிட்டு வெளியே வந்தால் உச்சி வெயில். நிழலில் உட்காரலாமென்று தங்கள் பூங்காவுக்கு வந்தோம். பூட்டு. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை அடைப்பாம். நிழல் தேவைப்படாத நேரத்தில் மட்டும் நிழலைத் திறந்துவிடும் இந்த நிர்வாகத் திறமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாலு மணிக்கு உள்ளே போய் உட்கார்ந்தோம். விசில். காவலாளி வந்து, "இவங்க யாரு சார்?" என்றார். மனைவி என்றேன். "சர்ட்டிபிகேட் இருக்கா?" தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல் வந்தது. எங்களுக்குத் தாலி அதற்கு வெகுகாலம் முன்பே ஏறிவிட்டது. இருப்பது மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றுதான், அதுவும் பீரோவில். என் மனைவி சொன்னாள்: "இந்த மனுஷன் இப்பத்தாம்பா என்னை வெளிய கூட்டிட்டு வந்திருக்காரு. அதையும் கெடுத்துடாத."

அவர் அசரவில்லை. "புருஷன் பொண்டாட்டின்னா வீட்லயே பேசிக்கலாமேம்மா, பார்க் எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் ஆகாதவர்கள் வரக்கூடாது. ஆனவர்களுக்கு வரவேண்டிய அவசியமில்லை. பெஞ்சுகள் அத்தனை புதிதாக இருப்பதன் ரகசியம் அதுதான் போலும்.

எனக்கு இப்போது ஒரே கவலை. காலையில் அருங்காட்சியகத்தில் பார்த்த திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரு கை, இருவருக்கும் சேர்த்து ஒரே இடுப்பு. அரசுப் பாதுகாப்போடு நிற்கிறார். அவர் தப்பித் தவறித் தங்கள் பூங்காவுக்கு வந்துவிட்டால், நடுவில் ஓரடி இடைவெளி விடச் சொல்லி எங்கே விசில் ஊதுவீர்கள்? சான்றிதழ் கேட்டால் எந்தப் பாதியிடம் கேட்பீர்கள்?

கோரிக்கை பெரிதில்லை, ஐயா. வரிப்பணத்தில் வளர்ந்த மரங்கள் அவை. நடுப்பகலில் கதவைத் திறந்து வையுங்கள். அந்தக் காவலாளியிடமிருந்து விசிலை வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலி கொடுங்கள். நாங்கள் இருந்த நேரம் முழுக்க மனுஷர் நின்றுகொண்டே இருந்தார்.

இப்படிக்கு,
சான்றிதழ் இல்லாத ஒரு கணவன்