லம்போர்கினி ஆசை

ரிட்டையர்மென்ட் பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது. கல்லூரிக் காலத்திலிருந்து கனவு கண்ட லம்போர்கினியை வாங்கிவிடலாமா? மனைவி முறைக்கிறார்!

– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

தாராளமாக வாங்குங்கள், டிராக்டராக! ஃபெருச்சியோ லம்போர்கினி 1948-ல் டிராக்டர் செய்துதான் தொழிலைத் தொடங்கினார். கார் கம்பெனி 1963-ல்தான். (ஃபெராரியின் கிளட்ச் பற்றிப் புகார் சொல்லப் போய் அவமானப்பட்டதால் வந்த வீம்பு என்பார்கள். நான் பாதிதான் நம்புகிறேன்.) அந்த டிராக்டர் பிராண்டை இப்போது வைத்திருக்கும் இத்தாலிய நிறுவனத்துக்கு உங்கள் ஊரிலேயே தொழிற்சாலை இருக்கிறது, சார்!

காரேதான் வேண்டுமென்றால், கையெழுத்துப் போடும் முன் நான்கு டயரின் விலையையும் வருட இன்ஷூரன்ஸையும் விசாரித்துவிடுங்கள். வாங்கியதும் முதல் ரவுண்டுக்குச் சாவியை மனைவியிடம் கொடுங்கள். அப்புறம் முறைப்பது நீங்களாகத்தான் இருக்கும்.