பால்ரஸும் ரவையும்

எங்கள் காலத்தில் ஓர் ஏர்கன் நல்லதா இல்லையா என்பதை டால்டா டப்பாதான் தீர்மானித்தது. கோபிச்செட்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் மாமாவின் தோட்டம். கோடை விடுமுறைக்கு அங்கே கூடும் பையன்களுக்கு வேறு அளவுகோல் கிடையாது. டப்பாவின் ஒரு பக்கத்தைத் துளைத்தால் சுமார். இரண்டு பக்கமும் துளைத்து வெளியே போனால் அதுதான் துப்பாக்கி. நினைத்த இடத்தில் பட்டதா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. டப்பா பெரியது, தூரம் குறைவு, எங்காவது படத்தானே செய்யும்.

மாமா மட்டும் கேட்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கிணற்று மேட்டு மண்கரையில் முள்ளால் குத்தி நிறுத்துவார். குழலை மடக்கி, ஈய ரவையைக் கட்டைவிரலால் அழுத்திச் செருகி, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து சுடுவார். அடுத்தடுத்து விழுந்த ஓட்டைகளின் மேல் ஒரு நாலணாவை வைத்தால் எல்லாம் மறைந்துவிடும். நாங்கள் கைதட்டினால், “நாலணா ரொம்பப் பெருசுடா கண்ணு” என்பார். அவருக்கு அது உண்மையாகவே குறைதான்.

ஒருமுறை பெரியம்மா மகன் சைக்கிள் கடையிலிருந்து பால்ரஸ் கொண்டுவந்தான். “ஏனுங்க மாமா, இதைப் போட்டுச் சுடலாமுங்களா?” ஈயத்தைவிட இரும்பு கெட்டி, ஆகவே இன்னும் ஆழமாகத் துளைக்கும் என்பது அவன் கணக்கு. முன்சக்கரத்து பால்ரஸ் 4.76 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள் அது நுழையாது. பெடலில் இருப்பது 3.97, பின்னால் போட்டால் முன்னால் உருண்டு விழும். மாமா அதைச் சொல்லி அவனை அனுப்பிவிடவில்லை. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். உட்சுவர் முழுக்க முறுக்கிக்கொண்டு போகும் வரிகள். “இந்த வரி ஈயத்தக் கவ்விப் புடிச்சுச் சுத்திவிடும். இரும்பக் கவ்வாது. இரும்புதான் வரியத் தேச்சுப்போடும்.” துப்பாக்கியைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

மகள் குடும்பம் இப்போது அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்து பென்டன்வில்லில் இருக்கிறது. வால்மார்ட் தலைமையக வேலையை நம்பிப் போன தமிழர்கள் நிறையப் பேர் உள்ள ஊர். பக்கத்து ஊரான ராஜர்ஸில் டெய்சி ஏர்கன் மியூசியம் இருக்கிறது. மிச்சிகனில் காற்றாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு இனாமாக ஒரு காற்றுத் துப்பாக்கி கொடுக்கத் தொடங்கி, இனாமுக்கே மவுசு கூடிப்போய், 1895இல் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்ட கதை அங்கே காட்சிக்கு இருக்கிறது. பெரியம்மா மகன் ஆசைப்பட்ட இரும்புக் குண்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கிறார்கள். அதன் பெயர் பி.பி. கன்.

பேரனிடமும் ஒன்று இருந்தது: ரெட் ரைடர், காமிக்ஸ் கௌபாய் ஒருவனின் பெயரில் வருவது. கையில் வாங்கியதும் குழலுக்குள் பார்த்தேன். வரியே இல்லை, வழுவழுவென்றிருந்தது. “தாத்தா, இது எவ்ளோ பவர் தெரியுமா?” என்றான். கடல் கடந்தும் அதே கேள்வி!

தெரியும். குண்டின் எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நொடிக்கு 107 மீட்டர். ஆற்றல் சுமார் 2 ஜூல். மாமாவின் துப்பாக்கி இதைப்போலச் சில மடங்கு இருந்திருக்கும். ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அந்த 2 ஜூலே அதிகம். போதாததற்கு, ஈயம் கடினமான இடத்தில் பட்டால் நசுங்கி அடங்கும். இரும்பு திரும்பி வரும். வலுக் குறைந்த துப்பாக்கிக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும் என்பதைப் பேரனுக்குப் புரியவைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

ரெட் ரைடர் குறி தவறுவதற்கு வலுக்குறைவு காரணமில்லை. நூற்றுக்கணக்கான குண்டுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு நெம்புகோலை இழுத்து இழுத்துச் சுட வேண்டுமானால், குண்டு எங்கும் சிக்காமல் உருள வேண்டும். அதற்காகக் குழலைவிடக் குண்டைச் சற்றே சிறியதாக்குகிறார்கள். அந்த இடைவெளியில் அது சுவரைத் தட்டித் தட்டிப் போகிறது. கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதைப் பொறுத்து வெளியேறும் திசை மாறும். வெளியேறிய பிறகு காற்றில் அதை நேராக்கவும் வழியில்லை. ரவை அப்படியில்லை. உடுக்கைபோல இடை சிறுத்த ஈயம் அது. காற்றழுத்தம் அதன் மெல்லிய பின்விளிம்பை விரித்து வரிகளில் பதிக்கிறது. சுழன்றபடி வெளியேறுகிறது. கனம் முன்னால், இழுவிசை பின்னால் என்பதால் முகம் திரும்பாமல் போகிறது.

என் மனத்தை உண்மையில் அசைத்தது டெய்சி நிறுவனம் செய்த இன்னொரு துப்பாக்கி. பிள்ளைகளின் 5 மீட்டர் போட்டிக்கென்றே வந்த 499 மாடல். அதிலும் இரும்புக் குண்டுதான், வரி இல்லாத குழல்தான். ஆனால் குண்டுகள் துல்லியமாக அரைத்தெடுத்தவை, குழல் இறுக்கமானது. ஒவ்வொரு குண்டாக வாய்ப்பக்கம் போட வேண்டும். அடியில் ஒரு காந்தம் பிடித்துக்கொள்ளும். வேகம் நொடிக்கு வெறும் 73 மீட்டர், ஆற்றல் 1 ஜூல்கூட இல்லை. ரெட் ரைடரின் பாதி வலுவும் இல்லாத அது ரெட் ரைடரைவிடப் பல மடங்கு குறி தவறாதது. வலு கூடினால் குறியும் கூடும் என்று நம்பும் எந்தப் பையனுக்கும் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

வலுவைத் தேடிப் போனால் குறி கெடுவதும் உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கியில் ரவை குழலைத் தாண்டும் முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து முட்டுகிறது. ஸ்பிரிங் கடினமாக ஆக, கையில் அந்த உதறலும் கூடும். ரவையின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றின் குலுக்கலில் அது தடுமாறும். இன்று கடையிலும் கைப்பேசி வீடியோவிலும் நொடிக்கு ஆயிரம் அடி, பலகையைப் பிளக்கும் என்று சொல்லியே விற்கிறார்கள். டால்டா டப்பா போய்ப் பலகை வந்திருக்கிறது, அவ்வளவே.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். பெய்ஜிங்கில் 2008இல் அபினவ் பிந்த்ராவின் ஒலிம்பிக் தங்கமும் அதே பிரிவுதான். அந்தப் போட்டி ரைஃபிளின் ரவை அரை கிராமுக்குச் சற்று மேல், வேகம் நொடிக்குச் சுமார் 170 மீட்டர், ஆற்றல் 8 ஜூலுக்குள். தோட்டத்தில் அதைக் கொடுத்திருந்தால் வலுவில்லை என்று நாங்கள் ஒதுக்கியிருப்போம். அது தொட வேண்டிய பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அழுத்திய காற்றை அளந்து விடுவதால் உதறல் இல்லை; ரவையின் முனை தட்டையாக இருப்பதால் அட்டையில் ஓட்டை வட்டமாக வெட்டுப்படுகிறது. நாலணாவே பெரிது என்ற மாமா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமாவின் பேரன் போன மாதம் போன் செய்து எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டான். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டரையோ ஆற்றல் 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும் என்றேன். அரை கிராம் ரவை நொடிக்கு 280 மீட்டர் போனாலே அந்த 20 கிட்டத்தட்ட வந்துவிடும். அவனுக்கு அதில் பாதி போதும். மிச்சப் பணத்தில் தட்டை முனை, உருண்டை முனை என நாலைந்து வகை ரவை வாங்கச் சொன்னேன். பின்னால் மண்கரை வைத்து, 10 மீட்டரில் தாள் கட்டி, வகைக்கு ஒரு தாளாகச் சுட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ரவைதான் ஒத்துவரும். எது என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது.