என் கணக்கில் இல்லாத கூடை

கல்லூரி அணிக்காக நான் போட்ட ஒரே கூடை எதிரணி கேப்டனின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஸ்கோர் எழுதியவர் மேல் தப்பில்லை. ஒருத்தி தெரியாமல் தன் அணி காக்க வேண்டிய கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால், அந்த இரண்டு புள்ளியையும் களத்தில் உள்ள எதிரணி கேப்டன் போட்டதாக எழுதவேண்டும் என்பது சர்வதேச விதி. மும்பை மாட்டுங்காவில் ஒரு சிமென்ட் மைதானம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதை மறந்துவிட்டு ஓடினேன், அழகான லே-அப். யாருமே ஏன் தடுக்க வரவில்லை என்று அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தக் கேப்டன் ஆட்டம் முடிந்ததும் தேடிவந்து கைகொடுத்தாள்.

இப்போது நான் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து கோச். பகுதிநேரம்தான். ஆடிய காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கோச் ஆனபிறகும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வகையில் பணியிட மாற்றம் என்று எதுவும் நடக்கவில்லை.

ஆட்டக்காரியாக இருந்து கோச் ஆனவர்கள் உண்டுதான். இந்திய அணிக்கு ஆடிய வாராணசி திவ்யா சிங் அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போனவர், படித்துக்கொண்டே அங்குள்ள பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். அவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கையில் ஏதோ இருந்தது. நான் ஓரத்தில் நின்று கத்துவதைக் கவனித்தால் தெரியும்: "தலையைத் தூக்கிப் பார்!", "எந்தப் பக்கம் ஓடுகிறாய்?" எல்லாம் என் பழைய கோச் என்னைப் பார்த்துக் கத்தியவை.

சேர்ந்த புதிதில் எனக்குள் ஒரு பாட் சம்மிட் ஒளிந்திருப்பதாக நம்பினேன். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1974ல், 22 வயதில் கோச் ஆனவர். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளையும் அவரே துவைத்தார். 1976 ஒலிம்பிக்கில் ஆட்டக்காரியாக வெள்ளி, 1984ல் கோச்சாகத் தங்கம். 2012ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,098 வெற்றிகள் இருந்தன. அவர் முறைத்தால் போதும், பிள்ளைகள் வெலவெலத்துப் போவார்களாம். கோபர்கைரனே வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நானும் முறைத்துப் பழகினேன். முதல் தடவை அதை மைதானத்தில் இறக்கியபோது, எங்கள் பாயிண்ட் கார்டு பைக்குள் கையைவிட்டுத் துழாவி எனக்கு ஐ-டிராப்ஸ் எடுத்து நீட்டினாள்.

ஃப்ரீ த்ரோ சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு சிக்கல். கூடைக்கு உயரம் 3.05 மீட்டர், கோட்டிலிருந்து பலகைக்கு 4.6 மீட்டர். தடுக்க ஆளில்லை. முழங்காலை மடக்கு, முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டைத் தளர்த்து என்று வாயால் பிரமாதமாகச் சொல்வேன். போட்டுக் காட்டினால் பந்து வளையத்தைக்கூடத் தொடாது. என்னிடம் காரணம் தயாராக இருந்தது. 2004ல்தான் சர்வதேசப் பெண்கள் ஆட்டத்துக்குச் சின்னப் பந்து வந்தது, ஆறாம் எண். நாங்கள் பழகியது ஆண்களின் ஏழாம் எண் பந்தில், ஆகவே கைக்கணக்கு தப்புகிறது என்று விளக்கினேன். மறுநாள் ஒருத்தி எங்கிருந்தோ ஏழாம் எண் பந்தைத் தேடிக் கொண்டுவந்து, "மேம், இதில் போட்டுக் காட்டுங்கள்" என்றாள். அன்றைக்குப் பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

எனக்கு ஆறுதல் செண்டா பெரென்சன்தான். பெண்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த முன்னோடி. அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் 1893 மார்ச்சில் ஆண்களை உள்ளே விடாமல் முதல் ஆட்டத்தை நடத்தினார். தொடக்கத்தில் அவர் பந்தை மேலே வீசிய வேகத்தில் ஒரு மாணவியின் உயர்த்திய கையில் பட்டுத் தோள்மூட்டே நழுவிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் மூட்டை இழுத்துப் பொருத்திவிட்டு, வேறொருத்தியை நிறுத்தி ஆட்டத்தை நடத்தி முடித்தார். இதுவரை நான் யார் தோளையும் நழுவவிட்டதில்லை.

வேறு சேதம் செய்திருக்கிறேன். ஒரு கல்லூரிப் போட்டி, கடைசி அரை நிமிடம், நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். "ஃபவுல் பண்ணு!" என்று கத்தினேன். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்துவதற்கென்றே ஃபவுல் செய்வது பழைய தந்திரம், எதிராளி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால் பந்து நம் கைக்கு வரும். ஆனால் முன்னிலையில் இருந்தது நாங்கள். ஸ்கோர் பலகையில் எந்தப் பக்கம் எங்கள் பெயர் என்பதை நான் மாற்றிப் படித்திருந்தேன். பிள்ளைகள் ஒரு கணம் திகைத்துத் திரும்பினார்கள். கோச் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது என்று சீசன் முழுக்க மிரட்டி வைத்தவள் நான்தான். கேட்கவில்லை, செய்தார்கள். அந்தக் கால்பகுதியில் அணியின் ஃபவுல் ஏற்கெனவே நான்கு ஆகிவிட்டதால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தன. சம்மிட்டும் முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 83-84 என்று ஒரு புள்ளியில்தான் தோற்றார். இதைத் திரும்பி வரும் ரயிலில் பிள்ளைகளிடம் சொன்னேன். யாரும் இயர்போனைக் கழற்றவில்லை.

இந்த வேலையில் ஆட்டம் கொஞ்சம்தான். பெற்றோரிடம் பேசுவதுதான் முழுநேரப் பணி. எங்கள் சென்டர் ஆட்டக்காரி திடீரென்று வருவதை நிறுத்தியபோது தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் அவள் வீட்டுக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர்கள். முறுக்கும் காபியும் வந்தன.

"இதுல என்ன கிடைக்கும் டீச்சர்?" என்றார் அப்பா.

சென்னை அனிதா பால்துரையைப் பற்றிச் சொன்னேன். 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன், ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடியவர், பிள்ளை பெற்றபிறகும் திரும்பி வந்து ஆடினார், தெற்கு ரயில்வேயில் வேலை, 2021ல் பத்மஸ்ரீ. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"நீங்களும் ரயில்வேயா டீச்சர்?"

"இல்லைங்க. பகுதிநேரம்."

"மாசம் எவ்வளவு வருது?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த அரைமணி நேரத்தில் பேச்சு எப்படியோ சி.ஏ. படிப்புக்குப் போய், பெண் படிப்பில் கவனம் வைப்பதுதான் நல்லது என்று நானே ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தபிறகு அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "அவ போவட்டும் டீச்சர். ஆனா ராத்திரி நீங்கதான் கூட்டியாந்து விடணும்."

ஆக, என் வாதத்தால் வராத பெண் என் காவலில் வருகிறாள். பயிற்சி முடிந்ததும் அவளைத் தாராவியில் விட்டுவிட்டு, சயானில் ஸ்லோ ரயில் பிடித்து, தானேயில் மாறி நான் கோபர்கைரனே வந்து இறங்கும்போது வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். வேன் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று கல்லூரியில் கேட்டேன். தரலாம், யார் ஓட்டுவது என்றார்கள். எனக்கு லைசென்ஸ் கிடையாது. தேர்வுக்குப் போகும்போதெல்லாம் எட்டுப் போடும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று குழம்பிவிடுகிறேன்.