கூவிளம் எனக் கூவும் பெட்டி: பழங்கணினியில் பொருந்தாத கிராபிக்ஸ் கார்டைப் பொருத்துதல் குறித்து ஓர் அசைவழி ஆய்வு

‘சங்க இலக்கியத்தில் இன்னது’ என்ற தலைப்பில், இன்னது என்னுமிடத்தில் எதை வைத்தாலும் முனைவர் பட்டத்துக்கு ஓர் ஏடு பிறந்துவிடும் நாடு இது. அப்படியிருந்தும், சப்போட்டு பண்ணாத கிராபிக்ஸ் கார்டைப் பழைய கணினியில் பூட்டுவது பற்றி ஒரு கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. (நான் தேடவில்லை. தேடாமலே ‘இதுவரை எவரும் கால்பதிக்காத களம்’ என்று எழுதுவது மரபு. மரபை மீறும் தகுதி எனக்கில்லை.)

களம்: விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டம், அவலூர்பேட்டை. நுட்பமாகச் சொன்னால், அங்கே என் தங்கை மகன் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவின் பின்னறை. ஆய்வுப் பொருள்: அவன் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் கணினி. கோர் 2 டுயோ, ஜி31 சிப்செட், அதாவது 2007ஆம் ஆண்டுச் சரக்கு. துணைப் பொருள்: ஏதோ அலுவலகக் கணினியிலிருந்து கழற்றப்பட்டு, சென்னை ரிச்சி தெருவில் கைமாறி, தினசரித்தாளில் சுற்றப்பட்டு, திண்டிவனம், செஞ்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த ஒரு கார்டு. கருத்தா: சர்வீஸ் கடைத் தம்பி. ஆய்வாளர்: நான், ஸ்டூலின் மேல். ஆய்வுக் காலம்: மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நான் அங்கே மாட்டிக்கொண்ட இரவு, மறுநாள் மத்தியானச் சாப்பாடு வரை.

முதற்கண் சொல்லாய்வு. ‘கார்டு’ என்பதில் சிக்கலில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் அது விளங்கும். ‘கிராபிக்ஸ்’தான் வம்பு. வரைகலையா, வரைவியலா, காட்சியா என்று கலைச்சொல் அறிஞர்கள் மோதிக்கொண்டிருந்த காலத்தில் கார்டு நான்கு தலைமுறை மாறிவிட்டது. எல்லாச் சொல்லும் இங்கிருந்தே கப்பலேறியது என்று நிறுவும் அன்பர்களுக்கு இது அல்வா: கீறு, கீறப்பு, கிராப்பு, கிராபிக்சு. கிரேக்கத்தில் கிராபெய்ன் என்ற சொல் முதலில் கீறுவதையே குறித்தது என்பது தற்செயலாக உண்மையும் ஆகையால், அவர்களை மறுக்கவும் வழியில்லை. ‘சப்போட்டு’ என்பதைச் சப்போட்டாவோடு தொடர்புபடுத்துவது என் சொந்தப் பங்களிப்பு. அந்தப் பழத்தின் பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக நம்மூர்த் தள்ளுவண்டிக்கு வந்தது. சப்போட்டாவை அரிசிப் பானையில் புதைத்தால்தான் பழுக்கும். சப்போட்டு பண்ணாத கார்டையும் கொஞ்ச நாள் எங்காவது வைத்திருந்தால் பழுக்கும் என்பது இதனால் பெறப்படும்.

இனி வகைப்பாடு. பொருந்தாமை நான்கு வகைப்படும்: துளைப் பொருந்தாமை, மின் பொருந்தாமை, முறைப் பொருந்தாமை, டிரைவர் பொருந்தாமை.

துளைப் பொருந்தாமையாவது, ஏஜிபி கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் நுழையாது. நுழைத்தவர் இப்போது வேறு தொழில் செய்கிறார்.

மின் பொருந்தாமையாவது, பெட்டியின் கொடைக்கும் கார்டின் பசிக்கும் உள்ள இடைவெளி. பதினாறு தட வரிசை கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் பசித்தால் ஆறு முள் இணைப்பில் இன்னொரு 75, எட்டு முள்ளில் 150. இந்த இணைப்பெல்லாம் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியில் மோலக்ஸ் ஒயரிலிருந்து ஆறு முள்ளுக்கு ஒரு மாற்றி போடுவார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துச் சாம்பாரில் தண்ணீர் சேர்ப்பது போன்ற ஏற்பாடு அது. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்பதற்கு ஒரே சான்று அதன் மேல் ஒட்டிய சீட்டு (காண்க: மேலொட்டுச் சீட்டு, வரி 3). அச்சீட்டை வரலாற்று ஆவணமாகக் கொள்வதா, மெய்க்கீர்த்தியாகக் கொள்வதா என்ற வினாவுக்கு, மெய்க்கீர்த்தி என்பதே என் துணிபு. கடலுக்கு அப்பால் கடாரம் கொண்டதாக அது சொல்லும். உள்ளே போய்ப் பார்த்தால் நாலு கண்டென்சர் இருக்கும்.

முறைப் பொருந்தாமையை விளக்கச் செஞ்சிக் கோட்டைக்குப் போக வேண்டும். ராஜகிரியின் உச்சிக்கு ஏறுகிறவன் கடைசியில் ஒரு பிளவின் முன் நிற்பான்: சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் மரப்பாலம் ஒன்றைப் போட்டும் எடுத்தும் வந்தார்கள். பாலம் இல்லையென்றால் எத்தனை பெரிய படையானாலும் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய முறையான பயாஸுக்கும், அதற்குப் பின்வந்த முறையான யூஈஎஃப்ஐ காலத்துக் கார்டுக்கும் நடுவே இருப்பது இந்தப் பிளவே. புதிய கார்டுகள் பலவற்றில் பழைய பயாஸுக்குப் புரியும் நிரலையும் சேர்த்தே வைத்திருப்பார்கள், அதுதான் பாலம். அது சரியாக விழாதபோது மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டு கிடக்கும். கண்ணால் காண ஒன்றுமில்லாத அந்த வேளையில் பெட்டி பேசத் தொடங்குகிறது. இவ்வாய்வின் உயிர்நிலை இங்கேதான்.

மதர்போர்டில் பஸ்ஸர் என்று ஒரு மிளகளவு ஒலிப்பான் உண்டு. கார்டைக் காணாத அவார்டு பயாஸ் அதன் வழியாக ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் எழுப்பும். தொழில்நுட்ப உலகம் இதை வெறும் பிழைக்குறி என்று எண்ணிக் கடந்துவிட்டது. ஒரு நெடில், இரு குறில். நெடில் தனித்து வந்தால் நேர், குறிலிணை நிரை. நேர் நிரை. அதாவது, கூவிளம்! அமிதசாகரர் காரிகை செய்து ஆயிரம் ஆண்டானாலும் அவர் வாய்பாட்டை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பது தமிழ் எம்.ஏ. வகுப்பு அல்ல, அவலூர்பேட்டையில் ஒரு தூசு படிந்த பெட்டி.

ஒன்று கிடைத்தால் கோட்பாடு ஆக்க முடியாது. இரண்டு கிடைத்தால் ஆக்கலாம். ஏஎம்ஐ வகைப் பயாஸில் திரை நினைவகக் கோளாறுக்கு எட்டுக் குறுகிய ஒலிகள். எட்டுக் குறில், நான்கு குறிலிணை, நிரை நிரை நிரை நிரை: கருவிளநறுநிழல். நாலசைச் சீர் செய்யுளில் அருகியே வரும் என்று புலவர்கள் ஒதுக்கிவைத்ததைப் பெட்டி நாள்தோறும் ஆண்டுவந்திருக்கிறது. சில பலகைகளில் ஒரு நெடிலும் மூன்று குறிலும் வரும். அது நேர் நிரை நேர், கூவிளங்காய். (இம்முடிவுகள் ஸ்டுடியோவின் விசிட்டிங் கார்டு ஒன்றின் பின்புறம், நீல மையில், இடமிருந்து வலமாகவும் பிறகு ஓரத்தைச் சுற்றியும் பதிவு செய்யப்பட்டன. மூலப்படி டீத்தம்ளரின் அடியில் இருந்தமையால் கூவிளங்காய் என்பதில் ‘காய்’ சிதைவு, பாடபேதம் ‘கூவிளங்கா’.)

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்பட்டது. எழுப்பியவர் டீக்கடைப் பெஞ்சின் மேற்கு முனைக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அந்த நீண்ட ஒலி இரண்டு மாத்திரையைத் தாண்டி ஒலிக்கிறதே, அது நெடிலா அளபெடையா என்றார். அளபெடையானால் நெடிலுக்குப் பின் ஒரு குறில் முளைக்கும். அந்தக் குறில் அடுத்த குறிலோடு சேர்ந்து நிரையாகும். கடைசிக் குறில் தனியே நின்று நேராகும். கூவிளம் கூவிளங்காயாகிவிடும். அதாவது, காதை ஒரு மாத்திரை கூடுதலாகத் தீட்டினால் கார்டின் கோளாறே வேறொன்றாக மாறிவிடும்! இரவு ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை பெட்டியை அணைத்தும் போட்டும் முப்பது தடவைக்கு மேல் கேட்டோம் (சான்று: டீக்கடைப் பெஞ்சு, கிழக்கு முனை, இரவுப் பதிப்பு, மறுப்பு: மேற்கு முனை, அதே இரவு, மறுப்புக்கு மறுப்பு: பெஞ்சின் நடுப்பகுதி, இருவரும் எழுந்து நின்றமையால் பெஞ்சு ஒருபக்கம் தூக்கிக்கொண்டதற்குப் பின் வெளிவந்த திருத்திய பதிப்பு). ஒவ்வொரு தடவையும் பெட்டி கூவிளம் என்றது. அவர் கூவிளங்காய் என்றார். பெட்டியைக் கேட்கத் தேவையில்லை என்ற நிலைக்கு அவர் வந்தபோது, ஆய்வு உண்மையான பல்கலைக்கழகத் தரத்தை எட்டிவிட்டது என்று அறிந்தேன். இதைப் பன்னாட்டுக் கருத்தரங்காக நடத்தலாம் என்றும் அவர் சொன்னார். அவருடைய மைத்துனர் மலேசியாவில் இருக்கிறார்; போனில் ஒரு வாழ்த்துரை சொன்னால் பன்னாடு ஆகிவிடும்.

தம்பி மறுநாள் காலையில் வந்தார். நாங்கள் இருவரும் இரு தரப்பையும் எடுத்துரைத்தோம். “இன்னா சார், இதுக்குப் போயி ராவெல்லாம் முழிச்சீங்களா?” என்றார். கார்டைப் பிடுங்கினார். சட்டைப்பையிலிருந்து ஓர் அழிரப்பரை எடுத்தார்.

அழிரப்பர் இயல் தனி நூலாக விரியத்தக்கது. கார்டின் அடியில் துளைக்குள் இறங்கும் தங்கமுலாம் விளிம்பில் நாளடைவில் அழுக்கும் விரல் எண்ணெயும் படியும். மின் தொடர்பு விட்டுப்போகும். ரப்பர் அதைச் சுரண்டி எடுக்கும். முலாம் மிக மெல்லியது ஆகையால் அழுத்தித் தேய்த்தால் அதையும் சேர்த்தே சுரண்டிவிடும். ஆகவே பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பர்தான் உத்தமம். பேனா மை அழிக்கும் நீலமுனை ரப்பர் சொரசொரப்பு, அதமம். ரப்பர் கிடைக்காதபோது வாயால் ஊதுவது அதமாதமம், எச்சில் போகும். தேய்க்கும் திசை ஒரே பக்கமா, முன்னும் பின்னுமா என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை. வாயில் ஸ்க்ரூ இருந்தது. அந்த மௌனத்தை ‘முன்னும் பின்னும்’ என உரை கொண்டேன், பழைய உரையாசிரியர்கள் செய்யாத எதையும் நான் செய்துவிடவில்லை (மூலம்: மேசைமேல் உதிர்ந்த ரப்பர்த் துகள், வாயிற்பக்கக் குவியல், விசிறிக்காற்றில் பறந்தது போக எஞ்சிய பகுதி, அதன் நிழற்படம் தங்கை மகனின் செல்போனில், ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் நடுவே).

கார்டை மீண்டும் அமுக்கிப் பூட்டினார். பெட்டி ஒரே ஒரு குறில் ஒலித்தது. எல்லாம் நலம் என்று பொருள். தனிக்குறில், நேர், ஓரசைச் சீர், வாய்பாடு: நாள். வெண்பா முடியும் இடமல்லவா அது! தமிழாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் திரையில் வந்த படம் அகல எழுத்தில், 800க்கு 600 என்று ஊதிக் கிடந்தது. இது டிரைவர் பொருந்தாமை. என்விடியா தன் வடிவமைப்புகளுக்கு டெஸ்லா, ஃபெர்மி, கெப்லர், மேக்ஸ்வெல் என அறிஞர் பெயரிடும். நம் சி.வி. ராமனை நான் அங்கே இன்னும் காணவில்லை. எங்கள் கார்டு ஃபெர்மி. அந்த வகைக்கு முழுமையான டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35ஓடு சரி. அதைப் போட்டால், பொருத்தமான வன்பொருள் எதையும் காணோம் என்றது. கார்டு அதன் மூக்குக்கு நேரே இருக்கிறது. டிரைவருக்குள் ஐஎன்எஃப் என்றொரு கோப்பு, வாக்காளர் பட்டியல் மாதிரி. ஒவ்வொரு கார்டுக்கும் உற்பத்தியாளர் எண், சாதன எண்: இன்டெலுக்கு 8086, ஏடிஐக்கு 1002, என்விடியாவுக்கு 10டிஇ. அலுவலகக் கணினிக்கெனத் தனியாகச் செய்த கார்டாகையால் எங்களுடையதன் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தது. தம்பி நோட்பேடில் திறந்து ஒரு வரியைச் சேர்த்தார். இதைத்தான் சுவடி உலகில் இடைச்செருகல் என்று சொல்லி நாம் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோம். இங்கே அதனால் படம் தெரிகிறது.

செருகியதால் கையொப்பம் கெட்டது; விண்டோஸ் 7 முரண்டு பிடித்தது. தொடங்கும்போது எஃப்8 அழுத்தி, கையொப்பச் சோதனையை அந்த ஒரு தடவைக்கு நிறுத்த வேண்டும். தினமும் காலையில் வாசல் தெளிப்பதைப் போல. இடையில் தம்பி ஒரு பென்டிரைவில் பாஸ் லினக்ஸைப் போட்டுக் காட்டினார். சி-டாக் என்ற அரசு நிறுவனம் செய்தது, 2011இல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் வந்ததே, அதுதான். அதில் நூவோ என்ற டிரைவர், உற்பத்தியாளர் தயவின்றித் தன்னார்வலர்கள் பிரித்தறிந்து எழுதியது, ஒரு கேள்வியும் கேட்காமல் படத்தைத் திரை முழுக்க விரித்தது. நூவோ என்றால் பிரெஞ்சில் ‘புதிய’. மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் செஞ்சியை 1690இல் முற்றுகையிட்டு 1698இல்தான் பிடித்தான். அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தான். வரலாறு திரும்புகிறது என்று எழுதப் பேனா எடுத்தேன். “இதுல போட்டோஷாப் ஓடாது மாமா” என்றான் தங்கை மகன். 1761இல் கோட்டை ஆங்கிலேயரிடம் போனது. கணினியும் விண்டோஸுக்கே திரும்பியது.

அதன்பின் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் எஃப்8, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு குறில். ஒரு மணி நேரத்தில் பதினாலு வெண்பா முடிந்தது. பதினைந்தாவதை எதிர்பார்த்து நானும் தமிழாசிரியரும் காதைக் கொடுத்திருந்தபோது, தம்பி கேபினெட்டுக்குள் கையை விட்டார்.

“சும்மா கத்திக்கினே கீது சார்” என்று சொல்லி பஸ்ஸரைப் பிடுங்கி, ஸ்க்ரூ டப்பாவில் போட்டு மூடினார்.