கொம்பனி வயரும் பாஸின் பல்லும்

தொழிற்சாலையில் பூட்டிய மின்வயர் இணைப்புகளை அவிழ்த்து மறுபடியும் செய்ய வேண்டுமா என்னும் வினா, மேலைநாடுகளில் கட்டிலும் அடுப்பும் கொண்ட உல்லாச வண்டிகளைக் குறித்து எழுவது. வன்னியின் ஸ்கந்தபுரத்திலோ அது வைகாசிப் பொங்கலுக்கு ஒரு குடும்பத்தையும் அதன் அயலட்டையையும் வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு ஏற்றிச் செல்லும் ட்றிப் வானைக் குறித்தே எழும். பாட்டுச் செற், வர்ண லைற், சாமிப் படத்தைச் சுற்றி மின்னும் குட்டிக் குமிழ்கள் ஆகியவை இல்லாத வான் ட்றிப் வான் ஆகாது. யப்பானில் அதனை வடிவமைத்தோர் இவற்றை அறவே மறந்துவிட்டமையால், அக்குறையைத் தீர்க்க வயரிங் பாஸ் அழைக்கப்படுகிறார். 'பாஸ்' என்பது இலங்கையில் மேசன், மெக்கானிக் முதலியோருக்கு வழங்கும் மரியாதைச் சொல்லேயன்றித் தேர்ச்சிச் சான்றிதழ் அன்று.

கொம்பனி இணைப்பில், வயரின் இழைகள் ஓர் உலோகக் கவ்வியினுள் வைத்து அளவான அழுத்தத்தில் நசுக்கப்படுவதால், காற்றுப் புக இடமின்றி உள்ளே களிம்பு ஏறுவதில்லை. பாஸின் இணைப்பில், வயரின் தோல் பல்லால் உரிக்கப்பட்டு, நுனிகள் விளக்குத்திரிபோல் முறுக்கப்பட்டு, அதே பல்லால் கடித்தறுத்த கறுப்பு ரேப்பினால் சுற்றப்படுகின்றன. சித்திரை வெயிலில் ரேப்பின் பசை இளகும்போது முறுக்கும் மெல்ல இளகுகிறது. அவ்விடத்தில் 0.1 ஓம் தடை தோன்றி, 10 அம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், 1 வோல்ற் வீணாகி 10 வாற் வெப்பம் பிறக்கிறது. 12 வோல்ற்றில் ஒன்று குறைந்ததை எவரும் கவனியார். அந்த வெப்பமோ ஆசனத்துக்குக் கீழே, மெத்தையோடு மெத்தையாக இருந்து வேலை செய்கிறது. ஈயம் உருக்கி ஒட்டினாலும் தப்ப முடியாது, ஏனெனில் ஈயம் ஊறி விறைத்த இடத்தின் ஓரத்தில், கிரவல் ஒழுங்கையின் குலுக்கத்தில், இழைகள் ஒவ்வொன்றாக முறியும்.

ஆயினும் பாஸை ஏளனஞ் செய்வது வரலாறு அறியாதார் செயல். 1990இல் தொடங்கிய போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரியும் பெற்றோலும் வன்னிக்கு அரும்பொருளாகின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வீடே வானொலிச் செய்தி கேட்டது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் விழித்தெழுந்து மண்ணெண்ணெயில் ஓடின. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் ஒதுங்கிய நாள்களில், கொம்பனி செய்த எதையும் செய்தபடியே வைத்திருந்தவர் இருட்டில்தான் இருந்தார். அன்று பழகிய பாஸின் கை இன்னும் ஓயவில்லை.

இனித் தொடக்க வினாவுக்கு விடை: கையால் தொடச் சுடுகின்ற, பச்சை பூத்த, இழுத்தால் அசைகின்ற இணைப்பைப் புதிதாக நசுக்குவதே முறை. குளிர்ந்திருக்கும் கொம்பனி இணைப்பைத் தொடுவது, நித்திரை கொள்ளும் குழந்தையை நித்திரையா என்று தட்டிக் கேட்பதாகும். பியூஸின் கதை வேறு. அது செற்றைக் காக்கவன்று, வயரைக் காக்கவே தான் எரிவது. எரிந்த பியூஸின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகிவிட்டு, "இனி எரியாது அண்ணை" என்று பாஸ் உறுதி கூறுவது முற்றிலும் உண்மை, ஏனெனில் இனி வயர்தான் எரியும்.

எஞ்சுவது ஏர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் பாதையாக வானின் உடம்பையே பயன்படுத்தும் ஏற்பாடு. வயர் அந்த உடம்பைப் பற்றியிருக்கும் பிடி துருவேறி விட்டுவிட்டால், மின்சாரம் வேறு குமிழ்களினூடாக வழி தேடும். சாரதி பிரேக்கை மிதிக்கும் தோறும் அம்மன் படத்தைச் சுற்றிய குமிழ்கள் மங்கி மீளும். பின் ஆசனத்து ஆச்சிமார் கைகூப்புகின்றனர். முன் ஆசனத்தில் இருக்கும் பாஸ் மறுத்துரைப்பதில்லை.